ஜிம் கார்பெட்: ஆட்கொல்லிகளைச் சுட்டவர் புலிகளுக்காகப் பேசியது ஏன்? வாசலில் சிறுத்தை உலவும் ஊர்களுக்கு அவர் வாழ்க்கையில் என்ன இருக்கிறது?

கேதார்நாத், பத்ரிநாத் யாத்திரை போய்வந்தவரா நீங்கள்? ரிஷிகேஷிலிருந்து மலையேறும் பஸ், ஸ்ரீநகரைத் தாண்டி (காஷ்மீர் ஸ்ரீநகர் இல்லைங்க, இது கர்வாலில் இருப்பது) ருத்ரபிரயாகை நெருங்கும்போது குலாப்ராய் என்ற இடத்தில் சாலையோரம் ஒரு சின்ன நினைவுச் சின்னம் வரும். அலக்நந்தாவும் மந்தாகினியும் கூடும் இடத்தைப் பார்க்கிற அவசரத்தில் நிறைய பேர் அதைத் தவறவிட்டிருப்பீர்கள்.

1926 மே 2ஆம் தேதி இரவு, அங்கே ஒரு மாமரத்தடியில் ஒரு சிறுத்தை சுட்டுக் கொல்லப்பட்டது. அரசுப் பதிவேட்டில் அந்த ஒரே சிறுத்தையின் பெயரில் 125 மனித உயிர்கள் எழுதப்பட்டிருந்தன. முதல் பலி 1918 ஜூனில். கடைசி பலி 1926 ஏப்ரலில். இடைப்பட்ட எட்டு வருஷமும், சுமார் 500 சதுர மைல் பரப்பில் இருந்த ஊர்கள் பொழுது சாய்ந்ததும் கதவைச் சாத்திக்கொண்டன. அப்புறம் யாரும் வெளியே வர மாட்டார்கள். யாத்ரீகர்களுக்கோ சாத்திக்கொள்ளக் கதவே கிடையாது. வழியோர ஓலைக் கொட்டகைகளில்தான் அவர்கள் படுக்க வேண்டும்.

சுட்டவர் ஜிம் கார்பெட். பெயரைச் சொன்னாலே உத்தராகண்டில் இருக்கும் தேசியப் பூங்கா ஞாபகம் வரும். வேட்டைக்காரர் ஒருவரின் பெயரைப் போய்ப் புலிகள் காப்பகத்துக்கு வைத்திருக்கிறார்களே என்று உங்களுக்கும் ஒருமுறையாவது தோன்றியிருக்கும். நியாயமான கேள்விதான்.

யார் இவர்?

எட்வர்ட் ஜேம்ஸ் கார்பெட் 1875 ஜூலை 25ஆம் தேதி நைனிடாலில் பிறந்தார். அப்பா அங்கே போஸ்ட்மாஸ்டர். பெரிய குடும்பம், சின்ன வருமானம். ஜிம்முக்கு ஆறு வயது நடக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். இங்கிலாந்தில் படித்து, துரை வேலைக்கு இந்தியா வந்த வகை இல்லை இவர். இங்கேயே பிறந்து, இங்கேயே வளர்ந்து, மலைக்காரர்களின் மொழியை அவர்கள் பேசுகிற மாதிரியே பேசியவர்.

கோடையில் நைனிடால், குளிர்காலத்தில் மலையடிவாரத்திலுள்ள காலாதுங்கி. இதுதான் குடும்பத்தின் வழக்கம். காலாதுங்கி வீட்டைத் தாண்டினால் காடு. அந்தக் காட்டில் புலியும் உண்டு, சிறுத்தையும் உண்டு. சிறுவன் ஜிம் தன்னந்தனியாக அதற்குள் சுற்றினான். ஊர்ப் பெண்கள் தினமும் புல்லறுக்கவும் விறகு பொறுக்கவும் அதே காட்டுக்குத்தான் போய் வந்தார்கள். மாடுகள் அங்கேதான் மேய்ந்தன. எப்போதாவது ஒரு மாடு போகும். மனிதர்களைப் புலி தொடாது. அவர்கள் வருவது தெரிந்தாலே விலகிப் போய்விடும். இதை அவர் சின்ன வயசிலேயே பார்த்துத் தெரிந்துகொண்டார். பின்னாளில் ஆட்கொல்லிகளைத் தேடிப் போனபோதும் இந்த அறிவு அவரை விட்டுப் போகவில்லை. நம்ம கதைக்கு இதுதான் அடிப்படை.

வேட்டை அவருக்குத் தொழில் இல்லை. பதின்ம வயதிலேயே ரயில்வேயில் சேர்ந்தார். பிகாரில் கங்கைக் கரையிலுள்ள மொகாமா துறையில், ஒரு பாதையில் வந்த சரக்கை இறக்கி ஆற்றுக்கு அப்பால் அடுத்த பாதையில் ஏற்றிவிடும் வேலை. இருபது வருஷத்துக்கும் மேல் அதைப் பார்த்தார். ஆரம்ப கால ஆட்கொல்லி வேட்டைகள் எல்லாம் அந்த வேலையில் கிடைத்த லீவில் நடந்தவை.

பெண்புலியின் வாயில் கண்டது

1907. குமாயுனின் கிழக்கு மூலையில் சம்பாவத். ஒரு பெண்புலி நேபாளத்தில் சுமார் 200 பேரைக் கொன்றுவிட்டு, அங்கிருந்து விரட்டப்பட்டு இந்தப் பக்கம் வந்தது. இங்கே நாலு வருஷத்தில் இன்னும் இருநூறுக்கும் மேல். மொத்தம் 436 என்பது கார்பெட் பதிவு செய்த கணக்கு.

அவரை அனுப்பக் கேட்டபோது அவர் இரண்டு நிபந்தனை வைத்தார். அந்தப் புலியின் தலைக்கு அறிவித்திருந்த பரிசுப் பணத்தை ரத்து செய்ய வேண்டும். அங்கே சுற்றிக்கொண்டிருக்கும் மற்ற வேட்டைக்காரர்களைத் திருப்பி அழைக்க வேண்டும். காசுக்காகச் சுடுபவன் என்ற பெயர் அவருக்கு வேண்டாம். புதருக்குள் யாரோ ஒருவர் தவறுதலாகத் தன்னைச் சுடுவதும் வேண்டாம்.

சுமார் முந்நூறு ஊர்க்காரர்கள் மலைச்சரிவில் வரிசையாக நின்று சத்தம் எழுப்பிப் புலியைக் கலைத்தார்கள். அப்படித்தான் அது விழுந்தது. விழுந்த புலியின் வாயைத் திறந்து பார்த்தார் கார்பெட். வலப்பக்கத்தில் மேல் கோரைப்பல் பாதி உடைந்திருந்தது. கீழ் கோரைப்பல் எலும்பு வரைக்கும் போயிருந்தது. எப்போதோ யாரோ சுட்ட குண்டு. உடைந்த பல்லோடு அந்தப் பெண்புலியால் மானையும் பன்றியையும் பிடித்துக் கொல்ல முடியவில்லை.

குறி தவறிய அந்த ஆள் அன்று வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பார். அதன் விலையைப் பின்னால் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் கொடுத்தன.

இதற்கப்புறம் ஒவ்வோர் ஆட்கொல்லியைக் கொன்றதும் அதன் உடம்பைத் தேடிப் பார்ப்பது அவர் வழக்கமாகவே ஆனது. முக்தேஷ்வர் பெண்புலியின் கதையை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். முள்ளம்பன்றியோடு மோதியதில் அதற்கு ஒரு கண் போயிற்று. முன்னங்காலில் ஐம்பது முள் வரை ஏறிச் சீழ் பிடித்தது. வலியோடு ஒரு புல் திட்டில் படுத்திருந்தபோது, மாட்டுக்குப் புல்லறுக்க வந்த ஒரு பெண் தெரியாமல் பக்கத்தில் வந்துவிட்டார். ஒரே அடி. பிணத்தை அது தொடவில்லை, நகர்ந்து போய் ஒரு விழுந்த மரத்தடியில் படுத்தது. அந்த மரத்தை வெட்ட ஒருவர் வந்தார். அவரும் போனார். இந்த முறை கொஞ்சம் தின்றது. மூன்றாவது ஆளை அது வேண்டுமென்றே கொன்றது. கடைசியில் கணக்கு 24.

பார்த்தீர்களா, இரண்டு தற்செயல்கள், அதற்கப்புறம் ஒரு பழக்கம். ஓர் ஊரில் முதல் தாக்குதல் நடந்த உடனே அது எப்படி நடந்தது, அந்த விலங்குக்கு என்ன ஆயிற்று என்று விசாரிப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

சிறுத்தை விஷயம் வேறு

புலிக்குக் காயமும் முதுமையும் காரணம் என்றால், சிறுத்தைக்கு அவர் வேறொன்றைச் சொன்னார்: கொள்ளைநோய். 1918 இன்ஃபுளூயன்சா மலை ஊர்களைப் புரட்டிப் போட்டது. பிணத்தை ஆற்றங்கரைக்குத் தூக்கிப் போய் எரிக்க ஊரில் தெம்புள்ள ஆள் இல்லை. வாயில் ஒரு நெருப்புத் துண்டை வைத்துச் சடங்கை முடித்து, உடலைப் பள்ளத்தில் உருட்டிவிட்டார்கள். செத்ததைத் தின்னக்கூடிய விலங்கு சிறுத்தை. நோய் அடங்கி அந்த உணவு நின்றதும் சில சிறுத்தைகள் உயிரோடு இருந்த மனிதர்களிடம் வந்தன. ருத்ரபிரயாக் சிறுத்தை ஆட்கொல்லியானதற்குக் கார்பெட் தந்த விளக்கம் இது. 1910ல் அவர் சுட்ட பனார் சிறுத்தைக்கும் இதே மாதிரிக் காரணத்தைத்தான் சொன்னார். அதன் கணக்கு 400.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. அவர் அனுபவத்தில், ஆட்கொல்லியான புலிக்கு மனிதப் பயம் போய்விடும், பட்டப்பகலில் வரும். சிறுத்தைக்கு அந்தப் பயம் கடைசி வரை போகாது, அதனால் இருட்டில்தான் வரும். வீட்டுக்குள்ளேயே வரும்.

எப்படி வரும் என்பதற்கு ருத்ரபிரயாக் பக்கம் நடந்த ஒன்று. பதினாலு வயசு அநாதைப் பையன், நாற்பது ஆடு மேய்க்கும் வேலை. ராத்திரி ஆடுகளோடு ஒரே அறையில், மூலையில் தடுப்பு வைத்து அதற்குள் படுக்கை. கதவைத் தள்ளித் திறந்து வந்த சிறுத்தை நாற்பது ஆட்டையும் தாண்டிப் போய்ப் பையனைத் தூக்கிக்கொண்டு போயிற்று. ஓர் ஆட்டுக்குக்கூடக் கீறல் இல்லை. இதைப் படித்துவிட்டு, அந்த ஊர்க்காரர்கள் அதை விலங்கு இல்லை, பேய் என்று நம்பியதைக் குறை சொல்ல மனசு வருமா?

அரசு சும்மா இருக்கவில்லை. கர்வாலில் ஏற்கெனவே இருந்த சுமார் 4,000 துப்பாக்கி லைசென்ஸுக்கு மேல் இந்தச் சிறுத்தைக்காகவே 300க்கும் அதிகமாகக் கொடுத்தது. பத்தாயிரம் ரூபாயும் இரண்டு கிராமமும் பரிசு என்று அறிவித்தது. இரும்புப் பொறி, கூண்டு, விஷம் எல்லாம் வைத்தார்கள். ஒருமுறை குகைக்குள் அடைபட்டதும் கூட்டத்தின் நடுவே தப்பி ஓடியது. 1925 இலையுதிர் காலத்தில் வந்த கார்பெட்டுக்கும் எளிதாக எதுவும் நடக்கவில்லை. இரவில் சிறுத்தை ஆற்றைக் கடக்காமலிருக்க அலக்நந்தாவின் தொங்குபாலங்களை அடைத்தார். பாலத்துக் கோபுரத்தின் மேல் இருபது இரவு உட்கார்ந்தார். பத்து வாரம் வீணாய்ப் போய்த் திரும்பினார். அடுத்த வசந்தத்தில் மறுபடி வந்து, குலாப்ராய் மாமரத்தில் பத்து இரவு காத்திருந்து, பதினோராவது இரவில் சுட்டார்.

மரத்தடியில் கட்டியிருந்த ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. பித்தளைக் கழுத்துப்பட்டி மாட்டி, வாங்கிய ஆளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார் கார்பெட். அந்த ஆட்டைப் பார்க்க ஜனங்கள் வந்ததில் உரிமையாளருக்கு நல்ல வருமானமாம்.

செத்துக் கிடந்தது பல் தேய்ந்த ஒரு கிழட்டு ஆண் சிறுத்தை. எட்டு வருஷம் ஒரு மாவட்டத்தை நடுங்க வைத்த அதை அரக்கன் என்று எழுத அவருக்கு எல்லாக் காரணமும் இருந்தது. எழுதவில்லை.

துப்பாக்கியிலிருந்து கேமராவுக்கு

இவரை மகானாக்க வேண்டாம். யாருக்கும் தீங்கு செய்யாத புலிகளையும் விளையாட்டுக்காகச் சுட்டவர்தான். பவல்கர் பக்கம் பெயர்பெற்றிருந்த ஒரு பிரம்மாண்ட ஆண்புலியை 1930ல் சுட்டார். அதன் பேரில் ஆட்கொல்லிப் புகார் ஒன்றுகூட இல்லை. அவர் சேவை செய்த ஆட்சிதான் ஊர் ஊராகப் புலிக்கும் சிறுத்தைக்கும் தலைக்கு விலை வைத்தது. அவர் சுட்ட சில ஆட்கொல்லிகளின் உடம்பிலிருந்த குண்டுக் காயங்களுக்கும் அந்த வேட்டை மோகத்துக்கும் சம்பந்தமில்லை என்று சொல்ல முடியாது. 1938 நவம்பரில், 63 வயதில், நேபாள எல்லையோர தாக் கிராமத்தில் அவர் கொன்ற பெண்புலியின் உடம்பிலும் பழைய குண்டுக் காயங்கள் இருந்தன. அந்தப் புலிக்குப் பயந்து ஊரே காலியாகியிருந்தது. ஆண்புலி மாதிரிக் குரல் கொடுத்து அதை வரவழைத்துச் சுட்டார். அதுதான் அவருடைய கடைசி ஆட்கொல்லி.

அதற்குள் அவர் கைக்கு சினிமா கேமரா வந்திருந்தது. சுடுவதைவிடப் படமெடுப்பதில் ஆர்வம் கூடியது. புலிகள் குறைந்துகொண்டே போவதைப் பள்ளிக்கூடங்களில்கூடப் போய்ப் பேசினார். 1936ல் ஹெய்லி தேசியப் பூங்கா உருவானதில் அவருக்குப் பங்கு உண்டு. இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா அது. இன்று அவர் பெயரில் இருப்பதும் அதுவே. 1973ல் புராஜெக்ட் டைகர் தொடங்கியதும் அங்கிருந்துதான். 1944ல் வெளிவந்த அவருடைய முதல் பெரிய புத்தகம் உலகமெங்கும் போயிற்று. தமிழில் தி.ஜ.ர. மொழிபெயர்ப்பில் குமாயுன் புலிகள் என்று வந்தது.

அதிகம் பேசப்படாத ஒரு விஷயம், காலாதுங்கி பக்கத்தில் கைவிடப்பட்டுக் கிடந்த நிலத்தை வாங்கி அவர் உண்டாக்கிய சோட்டி ஹல்த்வானி கிராமம். குடியானவர்களைக் குடியேற்றினார். ராத்திரியில் பன்றியும் மானும் பயிரை மேய்ந்தன. 1925 வாக்கில் ஊரைச் சுற்றிக் கல்மதில் எழுப்பினார். புலி வேட்டையில் புகழ் பெற்ற ஒருவர், விலங்குகளிடமிருந்து தன் ஊரைக் காக்கச் செய்தது இந்த மதில்தான்.

இன்றைக்கு நமக்கு இது எதற்கு?

இந்தியாவில் இப்போது சுமார் 13,874 சிறுத்தைகள் இருப்பதாக 2022ஆம் ஆண்டு மதிப்பீடு சொல்கிறது. அவை காப்பகத்துக்குள் மட்டும் இல்லை. மகாராஷ்டிரத்தின் கரும்புக் காட்டில், மும்பையின் அடுக்குமாடிகளுக்குப் பின்னால், நம்ம வால்பாறை எஸ்டேட் லைன் வீடுகளின் ஓரத்தில் எல்லாம் இருக்கின்றன. கார்பெட்டின் கர்வாலில் நிலைமை இன்னொரு விதமாகச் சிக்கலாகிவிட்டது. பிழைப்பு தேடி ஜனங்கள் சமவெளிக்கு இறங்கிவிட்டதால், உழாத வயல்களில் புதர் மண்டி வாசல்படி வரை வந்துவிட்டது. அந்தப் புதர் சிறுத்தைக்கு நல்ல மறைவு. மிச்சமிருக்கும் நாலைந்து வீட்டில் பெரும்பாலும் வயசானவர்களும் குழந்தைகளும்தான்.

சரி, ஊருக்குள் சிறுத்தை தெரிந்தால் என்ன செய்கிறோம்? கூண்டு வைத்துப் பிடித்து எங்கேயாவது தூரத்தில் விடச் சொல்கிறோம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் புனே மாவட்டத்தின் ஜுன்னாரில் 2001க்குப் பிறகு இப்படிப் பெருமளவில் சிறுத்தைகளைப் பிடித்து இடம் மாற்றினார்கள். அதற்கு முன் ஆண்டுக்குச் சராசரி நாலாக இருந்த மனிதர்கள் மீதான தாக்குதல், பின்னர் பதினேழானது. வித்யா ஆத்ரேயாவும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இது. ஒரு வம்புக்கும் போகாமல் தன் எல்லையில் இருந்த விலங்கைப் பிடித்து, தெரியாத ஊரில் கொண்டுபோய் விட்டால் அது தடுமாறும். அது காலி செய்த இடத்துக்குப் புதுசாக ஒன்று வரும். பிடித்தது தாக்கிய சிறுத்தைதானா என்பதே பல சமயம் யாருக்கும் தெரியாது.

கார்பெட் கால்தடத்தைப் பார்த்தே ஆணா பெண்ணா, கிழடா இளசா என்று சொல்வார். ருத்ரபிரயாகில் தேடவேண்டியது ஒரு கிழ ஆண் சிறுத்தையை என்று சுடுவதற்கு முன்பே அவருக்குத் தெரியும். இன்று அந்த வேலைக்கு கேமரா பொறியும் மரபணுப் பரிசோதனையும் இருக்கின்றன. சட்டமும் அதைத்தான் எதிர்பார்க்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 11ஆம் பிரிவின்படி, மனித உயிருக்கு ஆபத்தாகிவிட்ட சிறுத்தையையோ புலியையோ கொல்ல மாநிலத் தலைமை வனவிலங்குக் காப்பாளர் மட்டுமே அனுமதி தரலாம். காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். பிடிக்கவோ மயக்க ஊசி போடவோ இடம் மாற்றவோ வழியில்லை என்று அவருக்குத் திருப்தியான பிறகுதான் கொல்ல உத்தரவு. குழந்தையைப் பறிகொடுத்த வீட்டுக்கு இந்த நடைமுறை கொடுமையாகத் தெரியும். அந்தக் கோபத்தைத் தப்பென்று சொல்ல நகரத்தில் உட்கார்ந்திருக்கும் நமக்கு உரிமை இல்லை. அதனால்தான் முதல் தாக்குதல் நடந்த அன்றே வனத்துறை வந்து விசாரிக்க வேண்டும், இழப்பீடு அலையவிடாமல் கிடைக்க வேண்டும். இரண்டும் தாமதமானால் ஊர் விஷத்தையும் சுருக்குக் கம்பியையும் எடுக்கும். சுருக்கில் கால் போன சிறுத்தை என்ன ஆகும் என்பதற்கு சம்பாவத் பெண்புலியின் வாய் போதும்.

நீங்கள் அப்படிப்பட்ட ஊரில் இருந்தால் செய்யக்கூடியவை சாதாரணமானவைதான். அந்தி சாய்ந்த பிறகு குழந்தைகளைத் தனியாக வெளியே விடாதீர்கள். ஆட்டுக்கும் மாட்டுக்கும் கூரையும் உறுதியான கதவும் உள்ள தொழுவம் வேண்டும். இறைச்சிக் கழிவை வீட்டோரம் கொட்டினால் தெருநாய் வரும், நாயைத் தேடி சிறுத்தை வரும். ஊர்ப்புறச் சிறுத்தைகளின் சாப்பாட்டில் நாய்க்குப் பெரிய பங்கு உண்டு. கழிப்பறை வீட்டோடு இருக்கட்டும், வழியில் வெளிச்சம் இருக்கட்டும். வாசலைச் சுற்றியுள்ள புதரை வெட்டுங்கள். சிறுத்தை தெரிந்துவிட்டால் கூட்டம் கூடித் துரத்தாதீர்கள். அது தப்பிக்க வழி இருந்தால் போய்விடும். வழியை அடைக்கும்போதுதான் பாயும்.

1947 கடைசியில் கார்பெட் தன் அக்கா மேகியோடு கென்யாவுக்குக் கப்பலேறினார். இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நியேரி என்ற ஊரில் குடியிருந்தார்கள். 1952 பிப்ரவரியில் அங்கே மரத்தின் மேல் கட்டிய விடுதியில் இளவரசி எலிசபெத் தங்கிய இரவில் கார்பெட் உடனிருந்தார். அந்த இரவில்தான் மன்னர் இறந்து இளவரசி ராணியானார். 1955 ஏப்ரல் 19ஆம் தேதி கார்பெட் இறந்தார். கல்லறை நியேரியில் இருக்கிறது.

சோட்டி ஹல்த்வானி நிலம் அங்கே உழுதவர்களுக்கே போயிற்று. காலாதுங்கி வீடு இப்போது மியூசியம். நைனிடால் போகும் வழியில் இறங்கிப் பாருங்கள். பக்கத்திலேயே அந்தக் கல்மதில் இன்னும் நிற்கிறது, உள்ளே பயிர், வெளியே காடு.